புரட்டாசி சனிக்கிழமையில் பம்பை

தர்மபுரியில் ஒரு 'மியூசிக் சீன்' இருக்கிறது என்று எனக்குச் சொன்னவன் பெங்களூரில் இருக்கிறவன். நான் இங்கேயே பிறந்து, இங்கேயே காலேஜ் படித்து, அரூரில் கணக்கு டீச்சராகி, இத்தனை வருஷமாக இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஆடிக்கொண்டு போய் வருகிறவள். என் கண்ணில் படாதது, மாசம் ஒருமுறை காரில் வந்து போகிறவன் கண்ணில் பட்டுவிட்டதாம். அவன் என்னோடு காலேஜில் படித்தவன். இப்போது சாப்பாட்டு வீடியோ போடுகிறான். எதைத் தின்றாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டி "வேற லெவல்" என்பான். பச்சைத் தண்ணியைக் குடித்தாலும் அதே தலையாட்டல்தான்.

அந்த வருஷம் சனிக்கிழமை சாயந்திரங்களில் அவன் எங்களை இழுத்துக்கொண்டு ஊரைக் 'கண்டுபிடிக்க'ப் புறப்பட்டான். எங்களை என்றால் என்னையும், எங்கள் வகுப்பில் படித்த இன்னொருவனையும். போன இடமெல்லாம் ஒரே அச்சு. சுவர் பூரா பிளாஸ்டிக் புல், நடுவில் ஓர் ஊஞ்சல், அதில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளும் புதுப் பெண்டாட்டிகள். மூலையில் ஒருத்தர் கீபோர்டு முன்னால் நிற்பார். பாட்டு வருவது பென்டிரைவிலிருந்து. அவர் விரல் வேறெங்கோ மேயும். ஒருநாள் போன் வந்து அவர் எழுந்து வெளியே போனார், கீபோர்டு அதுபாட்டுக்கு வாசித்துக்கொண்டே இருந்தது. நான் சிரித்துவிட்டேன். "உனக்கு ரசனை இல்ல" என்றான் வீடியோக்காரன்.

சாப்பாடும் அந்த லட்சணம்தான். நாங்கள் வூட்டில் தினமும் முழுங்குகிற ராகிக் களியைச் சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து, மேலே கொத்தமல்லி ஒரு இணுக்கு செருகி, மண்சட்டியில் கொண்டுவந்து வைத்தார்கள். இவன் அதை ஸ்பூனால் வெட்டி மென்று தின்றான். களியை மென்று தின்கிறவனை எங்கள் பக்கம் எவன் மதிப்பான்? குழம்பில் தொட்டு அப்படியே முழுங்க வேண்டியதை முழு நிமிஷம் மென்றுவிட்டு, கேமராவைப் பார்த்து நம்ம மண்ணோட வாசம் என்றான்.

கூட வந்த இன்னொருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும், கதையே அவனுடையதுதான். பெங்களூரில் வேலை போய் ஊர் திரும்பியவன். இந்த ஊர்வலத்தில் அவனுக்கு மூளை கெட்டது. பைபாஸ் ஓரம் ஒரு கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, ஏசி போட்டு, கண்ணாடி வைத்து, மேடை கட்டி, லைவ் மியூசிக்கோடு ஒரு கறி ஓட்டல் திறந்தான். திறந்தது எப்போது? புரட்டாசி முதல் தேதி. ஊரில் பாதி வூட்டில் கறிச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, நெற்றியில் நாமத்தோடு திரிகிற மாசம். உலகத்திலேயே புரட்டாசியில் கறி ஓட்டல் திறந்த ஒரே மகராசன் இவனாகத்தான் இருப்பான். கேட்டால் பெங்களூரில் எல்லா மாசமும் திங்கறாங்க என்றான்.

அவன் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஐப்பசி பிறக்கட்டுமே என்று சொல்லியிருப்பாள். கேட்கவில்லை. எதையுமே அவளிடம் கேட்கிறவன் இல்லை. கட்டடத்தைப் பிடித்த பிறகுதான் அவளுக்குச் சேதியே தெரியும். கோபித்துக்கொண்டு அரூருக்குப் பக்கத்தில் இருக்கிற தாய்வூட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது ஒன்று சொல்லிவிட்டுப் போனாள்: அந்த இடம் நாலு பேர் தேடி வந்து உட்கார்ந்து சாப்பிடுகிற இடமாகட்டும், அன்றைக்கு வருகிறேன். இதை அவனே எங்களிடம் சொன்னான். அவள்மேல் உசிரு என்றான். நானும் நம்பினேன்.

இரண்டு சனிக்கிழமை ஈ ஓட்டினான். மூன்றாவதற்கு வீடியோக்காரன் ஒரு யோசனை சொன்னான். கீபோர்டெல்லாம் பழசு, லோக்கல் மியூசிக் வேண்டும், பம்பை உடுக்கையைக் கூட்டி வருவோம், 'ஃபோக் நைட்' என்று போடுவோம் என்றான். பம்பை என்றால் எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், கோயிலில் சாமியை வரவழைக்க அடிக்கிற மேளம் அது.

"ஏன்டா, அது சாமிய எறக்கற மேளம்டா. சோறு திங்கற எடத்துல யாராவது அடிப்பாங்களா?"

"ஏசி ஹாலுக்குள்ள சாமி வருமா? நீ இன்னும் அரூர் பஸ்ஸ விட்டே எறங்கல" என்றான் வீடியோக்காரன். ஓட்டல்காரனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவனே, அன்றைக்குக் கூட்டம் வரும், எப்படியாவது தன் பெண்டாட்டியைக் கூட்டி வா என்று என்னைக் கெஞ்சினான். வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறான் என்று தெரிந்தது. ஆனாலும் புருஷன் பெண்டாட்டி சேரட்டுமே என்று போனேன்.

அவள் அன்றைக்கு ஒருபொழுது விரதம். புரட்டாசி சனிக்கிழமை, காலையிலிருந்து பல்லில் பச்சைத் தண்ணி படவில்லை. ஓட்டலுக்குள் நுழைந்ததும் கறி வாசத்துக்கு முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். இருந்தாலும் கண் ஹாலைச் சுற்றி வந்தது. வீடியோக்காரன் கூவியதில் முக்கால்வாசி மேசை நிரம்பியிருந்தது. "பரவால்லக்கா, கூட்டம் இருக்குது" என்றாள் என்னிடம். அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. திரும்பி வரத்தான் அவளுக்கும் ஆசை.

பம்பைக்காரர் மேடை ஏறுவதற்கு முன் கேட்க வேண்டியதைக் கேட்டார். எந்த ஆத்தாளுக்கு, யார் வூட்டு வேண்டுதல் என்றார். அவர்கள் தொழிலில் அதைக் கேட்காமல் குச்சியைத் தொடமாட்டார்கள். அதெல்லாம் வேண்டாம், எனர்ஜியாக அடியுங்கள் போதும் என்றான் ஓட்டல்காரன். அவரும் லேசுப்பட்டவரில்லை, வந்ததும் வராததுமாக இரண்டு பிளேட் பிரியாணியை உள்ளே தள்ளியிருந்தார். சரியென்று தலையாட்டிவிட்டுத் தெரிந்ததை அடித்தார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஆத்தாளை அழைப்பது.

கண்ணாடி அதிர்ந்தது. முதலில் எல்லாரும் கை தட்டினார்கள். பிறந்தநாள் கொண்டாட வந்த கும்பல் ஒன்று தொப்பியோடு ஆடியது. கொஞ்ச நேரத்தில் பம்பைக்காரர் தன்னை மறந்து ஆத்தாள்மேல் வர்ணிப்புப் பாட ஆரம்பித்தார். நான் அவளைப் பார்த்தேன். கால் கட்டைவிரல் தரையைக் கீறிக்கொண்டிருந்தது. கையில் இருந்த டம்ளரிலிருந்து தண்ணி சிந்தியது. அவள் அம்மாவுக்குச் சாமி வரும் என்பது எனக்குத் தெரியும். நிறுத்தச் சொல்லி எழுந்து கையைக் காட்டினேன். வீடியோக்காரன் இன்னும் வேகமாக அடிக்கச் சொல்லிக் கையைக் காட்டினான்.

கொண்டை அவிழ்ந்து அவள் எழுந்து நின்றாள். மேசையில் ஓங்கி ஓர் அடி. தட்டெல்லாம் துள்ளியது.

"ஒருபொழுது நாளையில, கறி வேவற எடத்துல, என்னை எதுக்குடா கூப்புட்ட?"

அப்படியொரு குரல் அந்த ஒல்லி உடம்புக்குள் எங்கே இருந்ததோ! பிறந்தநாள் கும்பல் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டது. ஃபோக் நைட்டுக்கு வந்து இங்கிலீஷ் பேசிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் ஒரே நொடியில் ஊர்க்காரர்களாகிச் செருப்பை உதறினார்கள். சாமி வந்து நின்றால் அந்த வூட்டு ஆள் முன்னால் வந்து, சூடம் காட்டி, தாயே என்ன குறை என்று கேட்க வேண்டும். பிறகு மேளத்தை மெல்ல மெல்லத் தணிக்க வேண்டும். சாமி மலையேறுகிறபோது உடம்பு கட்டை மாதிரி சாயும், வூட்டு ஆள் தாங்கிப் பிடிக்க வேண்டும். இதற்குப் படிப்பு வேண்டியதில்லை, எங்கள் ஊரில் எந்தத் தறுதலைக்கும் தெரியும். சமையல்காரர் வேப்பிலைக்குப் பதில் கறிவேப்பிலைக் கொத்தோடும், சாலட்டுக்கு அரிந்த எலுமிச்சை மூடிகளோடும் ஓடி வந்தார். அந்த ஆளுக்கு இருந்த பதற்றம்கூடப் புருஷனுக்கு இல்லை.

"யாருங்க இந்தம்மா வூட்டுக்காரரு? வந்து பதில் சொல்லுங்க" என்று பம்பைக்காரர் அடித்துக்கொண்டே கத்தினார்.

இவன் கையைத் தூக்கினான். தூக்கிய கையில் போன். வீடியோக்காரன் எதிரிலிருந்து எடுக்க, இவன் பக்கவாட்டிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தான். போய் அவள் கையைப் பிடிடா என்று கத்தினேன். அதற்குள் வீடியோக்காரன் அவள் பேசுவது தெளிவாகக் கேட்க வேண்டும் என்று பம்பையை நிறுத்தச் சொல்லிவிட்டான். வெடுக்கென்று மேளம் நின்றது. அவள் அப்படியே சாய்ந்தாள். தலை தரையில் படுவதற்குள் நான் பாய்ந்து பிடித்து மடியில் தாங்கினேன். விலகிய சேலையை இழுத்து மூடினேன். நிமிர்ந்து பார்த்தால் போன் இன்னும் எங்களை நோக்கியே இருந்தது.

கண் திறந்து தண்ணி கேட்டாள். மேசைகளைப் பார்த்தாள், போன்களைப் பார்த்தாள், கடைசியில் அவனைப் பார்த்தாள். கூட்டம் கலைந்ததும் காரில் கொண்டுவந்து விடுகிறேன் என்றான் அவன். அவள் என்னோடு அரூர் பஸ் ஏறினாள்.

வீடியோ பற்றிக்கொண்டது. சேலம், கிருஷ்ணகிரி, ஓசூரிலிருந்தெல்லாம் கார் வந்தது. புரட்டாசி விரதமெல்லாம் எந்தக் குப்பையில் போயிற்றோ, சனிக்கிழமை அங்கே இடம் கிடைப்பதில்லை. கூட்டம் சாமி பார்க்க வருகிறது, சாமி இல்லையென்றால் எழுந்து போய்விடும். அதனால் ஓர் அம்மாவைச் சம்பளத்துக்கு அமர்த்தியிருக்கிறார்கள். சூப்புக்கும் பிரியாணிக்கும் நடுவில் அந்த அம்மாவுக்குத் தவறாமல் சாமி வருகிறது. தூ! இவர்கள் கண்டுபிடித்த மியூசிக் சீன் இதுதான்.

ஐப்பசி பிறந்ததும் ஓட்டல்காரன் அவளைக் கூட்டி வரப் புறப்பட்டான். தனியாகப் போகப் பயம், என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டான். மாமியார் காபி கொடுத்தார். இவன் காபியைத் தொடாமல் போனை எடுத்து அவளிடம் நீட்டினான். எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் பார், ஓட்டலில் உட்கார இடமில்லை, நீ சொன்ன மாதிரியே ஆகிவிட்டது என்று பெருமையாகச் சொன்னான். போனிலிருந்து பம்பை அடித்தது. உள்ளேயிருந்து மாமியார், முதல்ல அதை நிறுத்துங்க மாப்ள என்றார். இவன் காதில் அது ஏறவில்லை.

அவள் போனை வாங்கவில்லை. நின்றபடியே பார்த்தாள்.

"கூட்டம் வந்தா வரேன்னு சொன்னேன், இல்லைங்கல. சாமி வந்தப்ப நடந்தது எனக்கு ஒண்ணும் நெனவில்ல. கீழ சாயறப்ப ஒரு கை புடிச்சது மட்டும் நெனவிருக்குது. அது உங்க கைன்னு சொல்லுங்க, இப்பவே கெளம்பறேன்."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தன் கையைப் பார்த்தான். வீடியோ ஓடிக்கொண்டிருந்தது, அதில் அவள் இன்னும் விழுந்துகொண்டிருந்தாள்.