அரிசி டின்னில் ஒரு போன்

போனை அரிசி டின்னுக்குள் போட்டு, மூடியை ஒரு குத்துக் குத்தி இறுக்கிய பிறகுதான் யூச்சாய் யாரைப் பற்றியும் வாய் திறப்பாள். போன் ஒட்டுக்கேட்கும் என்று பயம். குறை சொல்ல மட்டும் என்றில்லை. "எதிர் வீட்டுப் பொண்ணுக்கு என்னா முடி" என்று சொல்லக்கூட டின் வேண்டும். கடையில் டின் கிடையாது. அங்கே முள்ளங்கிக் கூடைக்கு அடியில் வைப்பாள். பக்கத்தில் டோஃபு விற்கும் மான், "அக்கா, புதைச்சாச்சா? நான் பேசலாமா?" என்று கேட்டுச் சிரிப்பாள். யூச்சாய் சிரிப்பதில்லை.

சியாயி நகரச் சந்தையின் மேற்கு வாசலில் நாற்பது வருஷமாக மூங்கில் குருத்து உரித்து விற்கிறவள். லின் வீட்டு மூன்று பெண்களில் மூத்தவள். மூன்றுக்கும் பிறகு பிறந்த ஒரே தம்பி ஆறு வருஷத்துக்கு முன்பு போய்ச் சேர்ந்தான். கை எந்நேரமும் ஈரம். ஈர விரலுக்குப் போன் மசியாது. அதனால் நடுவிரலை மடக்கி முட்டியால் தட்டுவாள், யார் வீட்டுக் கதவையோ தட்டுவதுபோல.

காலை ஐந்தரைக்கு அவள் படம் போன் குழுவில் இருக்கும் சொந்தக்காரர் நாற்பத்து மூன்று பேருக்கும் போய்விடும். மற்றவர்கள் எங்கிருந்தோ வரும் தாமரைப் படத்தை அப்படியே அனுப்பிவிடுவார்கள். இவள் அன்றைய குருத்தில் நல்லதாக ஒன்றைத் தராசில் வைத்துப் படம் பிடித்து, மேலே சிவப்பு எழுத்தில், "காலை வணக்கம். சூடாக ஏதாவது சாப்பிடுங்கள்" என்று போடுவாள். அறுபது தாண்டிய அந்தச் சொந்தங்களுக்கு அது ஒரு வருகைப் பதிவு. ஒரு நாள் படம் வராவிட்டால் தடுமன் என்று நினைப்பார்கள். மூன்று நாள் வராவிட்டால் ரயிலேறி வந்து கதவை இடிப்பார்கள். டைனான் ஊரில் பெரியப்பா மகன் குளியலறையில் வழுக்கி விழுந்து கிடந்தது அப்படித்தான் தெரியவந்தது.

புத்தாண்டு முடிந்து எட்டாம் நாள், ஆள் தூங்கும்போது போன் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது. விடிந்து பார்த்தால் எழுத்தெல்லாம் மெலிந்திருந்தன. பச்சையாக இருந்தது நீலமாகியிருந்தது. "வீட்டுக்குள்ள எவனோ பூந்து சாமானெல்லாம் மாத்தி வச்சிட்டுப் போன மாதிரி இருக்குடி" என்று மானிடம் புலம்பினாள். படம் அனுப்பும் குறி இருந்த இடத்தில் குரல் பதியும் குறி வந்து உட்கார்ந்திருந்தது. முன்பு குரலைப் பதிய அதை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். இப்போது ஒரு தட்டுக்குப் பதியத் தொடங்கும், மறு தட்டுக்கு எல்லாருக்கும் போய்விடும். இது அவளுக்குத் தெரியாது. வழக்கம்போல முட்டியால் தட்டிவிட்டு, படம் போயிற்று என்று போனைத் தராசோரம் சாய்த்து வைத்தாள். புலம்பிய எரிச்சலில் கூடைக்கு அடியில் வைக்க மறந்து, கத்தியை எடுத்தாள்.

"புத்தாண்டு ரெண்டாம் நாள் பொறந்த வீட்டுக்குப் போனீங்களே அக்கா, என்ன விருந்து?" என்றாள் மான்.

"விருந்தா? தம்பி பொண்டாட்டி பாவோசூ பன்னிக்கறி வச்சிருந்தா. கடல் தண்ணிய ஊத்தி வத்த வச்ச மாதிரி. ஒரு துண்டுக்கு மூணு டம்ளர் டீ குடிச்சேன்."

"வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதான?"

"முப்பது வருஷம் தம்பி முகத்துக்காகத் தின்னேன். அவனே போயிட்டான். இனி யாரு முகத்துக்குத் திங்கறது? அவ கூப்பிடறாளேன்னு போறேன்."

பிறகு, படத்துக்கு யார் பதில் போட்டார்கள் என்று பார்க்க மறுபடி தட்டினாள்.

இரண்டாவது தங்கையிடமிருந்துதான் முதல் பதில் வந்தது: "அக்கா, இது எல்லாருக்கும் கேக்குது."

யூச்சாயின் காது மடல் பழுத்தது. அனுப்பியதைத் திரும்ப எடுக்கும் இடத்தையும் புதுப்பிப்பு எங்கேயோ நகர்த்தியிருந்தது. தேடிப் பிடிப்பதற்குள் முப்பத்தெட்டு பேர் கேட்டிருந்தார்கள். எடுத்ததும், 'யூச்சாய் ஒரு செய்தியைத் திரும்பப் பெற்றார்' என்று போனே தண்டோரா போட்டது. கேட்காத ஐந்து பேரும் கேட்டவர்களை விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். அவசரமாகக் குருத்துப் படத்தை அனுப்பிப் பார்த்தாள். தினமும் முதல் ஆளாகக் கும்பிடும் முயல் பொம்மைப் படம் ஒன்றை அனுப்புகிறவள் பாவோசூ. அன்று முயல் வரவில்லை.

புருஷன் போன பிறகு நாத்தனாரை விருந்துக்குக் கூப்பிட வேண்டும் என்று பாவோசூவுக்கு என்ன கட்டாயம்? ஆனாலும் வருஷக் கடைசி நாளில் அவள் போன் வந்துவிடும்: "அக்கா, நாளை மறுநாள் வந்துருங்க. சட்டிய ஏத்தறேன்." அதையே நினைத்துக்கொண்டிருந்தாள் யூச்சாய். குருத்து ஒன்றைத் தோல் எது சதை எது என்று பாராமல் உரித்துக்கொண்டே போய், கடைசியில் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. 'மன்னிச்சுக்க' என்று எழுதப் போய் 'மன்னி' வரை வந்ததுமே, போன் அந்தச் சொல்லுக்குப் பதிலாக ஆடுகிற கரடிப் படம் ஒன்றை எடுத்து நீட்டியது. அழித்தாள். தடுமன் என்று மானிடம் சொல்லிக் கடையைச் சாத்தினாள். வீட்டுக்குப் போய்ப் போனை அரிசிக்குள் அமுக்கினாள். மூன்று நாள் அவள் படம் போகவில்லை.

நான்காம் நாள் காலையில் யாரோ கதவை இடித்தார்கள். திறந்தால் பாவோசூ. கையில் துணியில் கட்டிய எஃகுச் சட்டி. மூச்சு வாங்கியது.

"உயிரோடதான் இருக்கீங்களா? மூணு நாளா படம் இல்ல, அடிச்சா எடுக்கல. ரயில்ல வழி பூரா அழுதுகிட்டு வரேன்."

யூச்சாயின் கண் தரையை விட்டு எழவில்லை. "போன் அரிசிக்குள்ள இருக்கு."

"ஏன், தண்ணில விழுந்துருச்சா?"

"இல்ல."

பாவோசூ உள்ளே வந்து உட்கார்ந்தாள். சட்டியைப் பிரித்து ஒரு கிண்ணம் சோற்றின் மேல் கறியை வைத்து நகர்த்தினாள். யூச்சாய் ஒரு துண்டை வாயில் போட்டாள். உப்பு என்பதே இல்லை. வெறும் தண்ணீரில் வெந்த கறி.

"இப்பக் கரிக்குதா அக்கா? போன்தான் உள்ள இருக்குல்ல, தைரியமாச் சொல்லுங்க."

யூச்சாய் மென்றுகொண்டே இருந்தாள்.

"அது உங்கம்மா அளவு," என்றாள் பாவோசூ. "கல்யாணமான மறு மாசம் அத்தை என் கையப் புடிச்சு ஊத்திக் காட்டினாங்க, சோயா சாஸ் ஒன்றரைக் கிண்ணம். பொண்ணுங்க வந்தா இந்த ருசிதான் இருக்கணும்னாங்க. எனக்குந்தான் கரிக்கும். முப்பத்தாறு வருஷமா நானும் டீயக் குடிச்சுத்தான் முழுங்கறேன்."

யூச்சாய் எழுந்தாள். அலமாரியிலிருந்த சோயா சாஸ் புட்டியை எடுத்து மூடியைத் திருகினாள். தலை நிமிராமல், இரண்டு கையாலும் அதைப் பாவோசூவின் கையில் கொடுத்துவிட்டு, தன் கிண்ணத்தை நீட்டினாள்.