ஆறு வோல்ட் காரில் பன்னிரண்டு வோல்ட் பல்பு

அண்ணனின் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களுக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். இந்த நினைவு மலருக்கு அழுதுகொண்டே எழுதத்தான் உட்கார்ந்தேன். கோபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மணிமங்கலத்தில் எங்கள் பெற்றோருக்குத் தலைமகனாகப் பிறந்தவர் அண்ணன். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, தாம்பரத்தில் வண்டி எலக்ட்ரிக்கல் வேலை கற்று, ஒரகடம் கூட்டு ரோட்டில் கடை வைத்தார். என்னைப் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் படிக்க அனுப்பியதும் அவர்தான்.

இண்டிகேட்டரே இல்லாமல் வந்த பழங்காலக் கார்களும் ஜீப்புகளும் அவரைத் தேடி வரும். லாரிகள் பெருகிவிட்ட இந்த ரோட்டில் கையை நீட்டித் திரும்பினால் யார் கண்ணுக்குத் தெரியும்? நான்கு மூலையிலும் விளக்கு, ஸ்டியரிங் பக்கத்தில் சுவிட்ச், விளக்கைச் சிமிட்ட வைக்கும் பிளாஷர் எல்லாம் பொருத்துவார். ஒயரை முறுக்கி டேப் சுற்றிவிடுகிற வேலையே கிடையாது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஈயம் வைப்பார். அந்தக் கார்களுக்கு ஆறு வோல்ட் பேட்டரி. அதற்கான பல்புக்காகப் புதுப்பேட்டைக்கு பஸ் ஏறுவார்.

குன்றத்தூர் முதலாளி ஒருவர் அண்ணன் விளக்கு பொருத்திய அப்படியொரு காரைக் கல்யாண ஊர்வலங்களுக்கு விடுகிறார். 1991 பிறந்ததும், தண்டலத்தில் அது வலப்பக்கம் திரும்பியபோது பின்னால் வந்த மோட்டார் சைக்கிள் மோதியது. ஓட்டிவந்தவருக்குக் கால் முறிந்தது. சிக்னல் எரியவே இல்லை என்றார் அவர்.

“ஒயரிங் செஞ்சவனைக் கேளு” என்றார் முதலாளி. போன இடமெல்லாம் அதையே சொன்னார். காரைப் பார்க்கப் போன அண்ணனிடம், “ஏற்கெனவே தொட்டது போதும்பா” என்றார். கடைக்கு வண்டி வருவது நின்றது. கால் முறிந்தவரை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வந்தார் அண்ணன். “தப்பு பண்ணவன்தான போய் நிப்பான்” என்று அதற்கும் பேசினார்கள். நம் உறவிலும் பேசினார்கள்.

பிறகு மஞ்சள் காமாலை. மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. மாலையோடு வந்த முதலாளி, அண்ணன் கிடத்தப்பட்டிருக்க, என்னிடம் சொன்னார்: “நல்ல பையன்மா. வேலைலதான் கொஞ்சம் கவனம் பத்தாது.”

ஒன்பதாம் நாள், அண்ணனின் ஸ்க்ரூடிரைவரையும் ஆறு வோல்ட் பல்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “தீட்டு வூட்ல கீறவ, இன்னாத்துக்குடி வெளிய போற?” என்றார் அத்தை. நிற்கவில்லை.

முதலாளியின் ஷெட்டில் கார் டிரைவர் மட்டும் இருந்தார். வலது பின் விளக்கைக் கழற்றினேன். பல்பின் பித்தளையில் 12 என்று பொறித்திருந்தது.

“இத யாருண்ணே மாட்டுனது?”

“நான்தான் தங்கச்சி. வண்டி மோதுறதுக்கு முன்னாடியே பழசு பீஸ் போச்சு. ‘கிடைக்கிறத மாட்டுடா, பல்புக்கு இன்னா ஜாதகமா பாக்கணும்’னாரு மொதலாளி. சொருகுனேன், உக்காந்துகிச்சு.”

உட்காரும். எரியாது. ஆறு வோல்ட்டில் அந்தப் பல்பு ஊதுவத்தி நுனி போலத்தான் சிவக்கும். இழுக்கிற மின்சாரம் குறைந்துவிடுவதால் பிளாஷரும் சிமிட்டாது. பட்டப்பகலில் பின்னால் வருகிறவருக்கு என்ன தெரியும்?

அண்ணன் இழுத்த ஒயரில் நான் கை வைக்கவில்லை. பல்பை மட்டும் மாற்றி, சுவிட்சைத் தள்ளினேன். டிக், டிக் என்று ஷெட் சுவரில் வெளிச்சம் அடித்தது.

“அய்யோ, நல்லா எரியுதேம்மா!” என்று டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

முதலாளி வந்ததும், “நான்தான் பல்ப மாத்துனேன், நீங்கதான் சொன்னீங்க” என்று டிரைவர் அவர் முகத்துக்கு நேராகவே சொன்னார். முதலாளி என்னைப் பார்த்தார். “போனவன் திரும்பியா வரப்போறான்? மலர்ல நல்லதா நாலு வார்த்த எழுதும்மா. இத்தையெல்லாம் எதுக்கு?”

அப்பாவும் இதை அடித்துவிடச் சொன்னார். “காரியத்துக்கு வர்றவங்ககிட்ட சண்டையா?” அம்மா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். “ஒரு வரி எடுக்காத” என்றார்.

கீழாநெல்லி தேடித் தந்த பக்கத்து வீட்டாருக்கும், அண்ணனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடிய நண்பர்களுக்கும், உள்ளதைச் சொன்னதால் இப்போது வேலையில்லாமல் இருக்கும் அந்த டிரைவருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. அவருக்கு யாராவது ஒரு வண்டி கொடுங்கள்.

முதலாளி கேட்ட நாலு வார்த்தை இதோ: அண்ணன் வேலையில் தவறு இல்லை.