நடுவில் செருகிய பெயர்

பட்டறையில் அவளை ‘வரிசை’ என்றுதான் கூப்பிடுவார்கள். செருப்பைக்கூட நேர்கோட்டில் கழற்றி வைப்பவள். தகடு அழுத்தும் பிரஸ்ஸுக்கு சி மொழியில் புரோகிராம் எழுதுவது அவள் வேலை. அதை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்த அண்ணன்.

கட்டளைகளை ‘எனம்’ என்ற பட்டியலாக எழுதியிருந்தாள்: நில், இறங்கு, ஏறு. பெயரெல்லாம் நமக்குத்தான். சி மொழிக்கு அவை பூஜ்யம், ஒன்று, இரண்டு.

அன்று காலை ‘காத்திரு’ என்று புதிதாக ஒன்று தேவைப்பட்டது. கடைசியில் சேர்த்திருக்கலாம். பார்க்க அழகாக இருக்கட்டுமென்று ‘நில்’லுக்கு அடுத்துச் செருகினாள். இறங்கு இரண்டாகவும் ஏறு மூன்றாகவும் நகர்ந்தன. புதிய புரோகிராமைப் பிரஸ்ஸுக்கு ஏற்றினாள். அண்ணன் அழுத்தும் பட்டன் பெட்டியிலும் அதே பட்டியல்தான்; அதற்கு ஏற்ற மறந்தாள். ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. எண்ணுக்கு எண் போய்க்கொண்டுதானே இருந்தது.

அண்ணன் ‘இறங்கு’ பட்டனை அழுத்தினான். பிரஸ் அசையவில்லை. எதற்கும் ‘ஏறு’வை அழுத்திவிட்டு, கோணலான தகட்டை நேராக்கக் கையை நீட்டினான். பெட்டி பழைய இரண்டை அனுப்பியது; பிரஸ்ஸுக்கு இப்போது அது ‘இறங்கு’.

நாற்பது டன் அந்தக் கையின் மேல் இறங்கியது.

ஆம்புலன்ஸ் போன கையோடு, பெட்டிக்கு ஒயர் இழுத்த எலக்ட்ரீஷியனைச் சுவரில் சாய்த்து நான்கு பேர் அடித்தார்கள். உதடு கிழிந்தது. பல் ஒன்று தரையில் உருண்டது.

“ஒயரை மாத்திக் குடுத்துட்டு மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான் பாரு,” என்று ஃபோர்மேன் இரும்புக் கம்பியை ஓங்கினார்.

கம்ப்யூட்டரில் அந்தப் பட்டியலைப் பார்த்து உறைந்திருந்தாள் அவள். வாயை மூடியிருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஓடிவந்து குறுக்கே விழுந்தாள். கம்பி அவள் தோள் எலும்பை முறித்தது.

“அவரை விடுங்க. நான்தான் செஞ்சேன்.”

“என்னம்மா உளறுற? கை போனவன் உன் கூடப்பிறந்தவன்,” என்றார் ஃபோர்மேன்.

“கூடப்பிறந்தவன் கையைத்தாண்ணே நசுக்கிட்டேன்.”

மறுநாள் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மணிக்கட்டோடு முடிந்திருந்த வலது கையை அவன் ஒருமுறை பார்த்தான். பிறகு இடது கையால் அறைந்தான். அவள் உதட்டிலிருந்து ரத்தம் வந்தது.

“அந்த எலக்ட்ரீஷியன் உயிரோட இருக்கானா?”

“இருக்காருண்ணா.”

“நீ வந்து விழலேன்னா?”

அவள் உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள்.

“வெளிய போ. நானாக் கூப்பிடற வரைக்கும் வராதே.”

மூன்று வாரம் தோளில் கட்டோடு தினமும் வந்து அந்தக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்தாள். இருபத்திரண்டாம் நாள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“ஏய் வரிசை, சட்டை பட்டன் போட வரலை. வந்து போட்டு விடு.”