இடப்பக்கம் வந்த பந்துகள்

பிள்ளைகளே, நீங்கள் மாமா என்று கூப்பிடுகிற என் சிநேகிதன் ஏன் இப்போது எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்று இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். "மாமாவுக்கு வேலை கூடிப்போச்சு" என்று சொன்னேன். அது பொய். வாயால் சொல்ல வரவில்லை, அதுதான் எழுதுகிறேன்.

நாம் இருக்கும் நோர்வேயும் பக்கத்து நாடுகளும் ஒரு காலத்தில் தங்களுக்குள்ளே கோப்பை வைத்து உதைபந்து விளையாடினவை. என்னோடு வேலை செய்த நோர்வேக் கிழவர் ஒருவர் அதைச் சொல்லச் சொல்ல எனக்கும் அவனுக்கும் ஆசை பிடித்தது. நோர்வே, சுவீடன், டென்மார்க் தமிழர் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அணியாக விளையாடினால் என்ன? அதுவரை எங்கள் ஆட்களின் போட்டியெல்லாம் நாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரில் அமைத்த கழகங்களுக்கு இடையில்தான். அவன் ஊர் வேறு, என் ஊர் வேறு. ஒஸ்லோவில்தான் இருவரும் ஒரே சட்டை போட்டோம். நான் கோல் காப்பாளன், எனக்கு முன்னால் தடுப்பில் அவன். எட்டு வருடம்.

போன குளிர்காலம் அம்மருட் பஸ் தரிப்பில் வழுக்கி விழுந்து என் இடது முழங்கால் பழுதாயிற்று. அந்தக் காலை ஊன்றி இடப்பக்கம் பாய முடியாது. உங்கள் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. தெரிந்தால் விளையாட விடமாட்டார். அவனுக்கு மட்டும் தெரியும். பயிற்சிக்கு முன்னால் எனக்குக் கட்டுப் போட்டுவிடுவதே அவன்தான்.

இந்த வருடப் போட்டி ஒஸ்லோவில் நடந்தது. வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரரை நாங்கள் ஹோட்டலில் தங்கவிடுவதில்லை. அவரவர் ஊர்க்காரர் வீட்டில் வைத்துச் சாப்பாடு கொடுப்பது வழக்கம். டென்மார்க் அணியில் ஐந்து பேர் அவன் ஊர். எங்கள் கட்டடத்திலேயே இருக்கும் அவன் வீட்டில்தான் தங்கினார்கள். அம்மா சமைத்த நண்டுக்கறியை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இறுதியாட்டம் சமநிலையில் முடிந்து பெனால்டிக்கு வந்தது. முதல் பந்து என் இடப்பக்கம், நிலத்தோடு. இரண்டாவதும் அப்படியே. "அப்பா, பாயுங்கோ!" என்று நீங்கள் பின்னால் நின்று கத்தினீர்கள். மூன்றாவதும் நான்காவதும் அதே மூலைக்குத்தான் வந்தன. தோற்றோம்.

கைகொடுக்க வந்த டென்மார்க் அணித் தலைவர் அன்பாகத்தான் கேட்டார்.

"அண்ணை, முழங்கால் இப்ப எப்பிடி? நோகுதோ?"

நேரே அவனிடம் போனேன். சப்பாத்து அவிழ்த்துக்கொண்டிருந்தான்.

"நீ சொன்னியோடா?"

"சாப்பிடேக்கை உன்னைப் பற்றிக் கேட்டவங்கள், மச்சான். எங்கடை ஊர்ப் பெடியள், அவங்களுக்கு எப்பிடிப் பொய் சொல்லுறது?"

"அப்ப நான் ஆரடா உனக்கு?"

"விசர்க்கதை கதையாதை. ஒரு கோப்பைதானே!"

"கோலியார் அழப்போறார்!" என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான்.

அவன் அவர்களிடம் பொய் சொல்லியிருக்கத் தேவையில்லை. "அதை விடுங்கோ" என்று சொல்லியிருந்தாலே போதும்.

அணியின் சட்டைகளைத் தோய்ப்பது என் பொறுப்பு என்பது உங்களுக்குத் தெரியும். தோய்த்த தன் சட்டையை வாங்க மாமாதான் எப்போதும் எங்கள் வீட்டுக்கு வருவார். கட்டடத்தின் கீழ்த்தளச் சலவை அறை எங்களுக்குத் திங்கட்கிழமைதான் கிடைக்கும். அந்தத் திங்கள் நீங்கள் பள்ளிக்கூடத்தால் வருமுன் தனியாக இறங்கினேன். மற்றச் சட்டைகளை இயந்திரத்தில் போட்டேன். அவனுடையதை மட்டும் தொட்டியில் போட்டு, முழங்கையில் இருந்த புல்லுக்கறை போகும்வரை கையால் தேய்த்தேன். காயும்வரை அங்கேயே இருந்தேன். பிறகு மடித்துப் பையில் வைத்து, நான்காம் மாடிக்கு ஏறி, அவன் கதவுக் கைப்பிடியில் கொளுவிவிட்டு, மணி அடிக்காமல் இறங்கி வந்தேன்.