ஜெரோம் போட்ட ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று இதயங்கள்

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் டைம் கீப்பராக இருக்கும் ஜெரோமிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பியவர் எவரும் கிடையாது. காஞ்சிபுரம் வண்டி எப்போது என்று கேட்டால் நேரம், நடைமேடை, அதை விட்டால் அடுத்த வண்டி, எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் அடிக்காது என்பது வரை சொல்லி முடித்த பிறகுதான் ஆளை விடுவார். அதற்குள் வண்டியே கிளம்பிப் போயிருந்தால் அவர் என்ன செய்வார்? பதினேழு வருடமாக இப்படி ஊருக்கெல்லாம் பதில் சொன்ன மனிதர், நாற்பத்தொரு வயதில் தனக்கென்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். ஆறாயிரம் பேர் கூடியிருந்த இடத்தில் கேட்டார். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அந்த இடத்தின் பெயர் 'தனி உலகம் அன்புக் குடும்பம்'. ஆட்டிசத்துக்கென்று முகநூலில் நடக்கும் குழு. நிறுவனர், தலைவர், ஒருங்கிணைப்பாளர் மூன்றும் சுப்புராமன் என்ற ஒரே ஆள்.

ஜெரோம் அதில் சேர்ந்த கதை சுருக்கமானது. இரண்டு வருடத்துக்கு முன் சத்தம் தாங்கவில்லை என்று காது டாக்டரிடம் போனார். காதில் ஒன்றும் இல்லை என்று அவர் மனநல டாக்டரிடம் அனுப்பினார். நாலு தடவை போய் வந்த பிறகு, உங்களுக்கு ஆட்டிசம், பிறந்ததிலிருந்தே இருந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். அக்கா ஹெலனிடம் அந்தத் தாளைக் காட்டியபோது, "நாப்பது வயசுல இன்னாடா புதுசா?" என்றாள். கூட வேலை பார்க்கும் டிரைவர் பூபாலன், "அது சின்னப் பசங்களுக்கு வர்றதாச்சே மச்சான்," என்று சந்தேகப்பட்டார். சரி, நம்மைப் போன்றவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவோம் என்று ஜெரோம் அன்புக் குடும்பத்தில் சேர்ந்தார்.

சேர்ந்த அன்றே, 'என் பெயர் ஜெரோம். எனக்கு ஆட்டிசம் இருக்கிறது' என்று எழுதினார். ஒரே ஒரு அம்மாள், 'உங்க பையனுக்கு என்ன வயசு?' என்று கேட்டார். 'எனக்குப் பையன் இல்லை. ஆட்டிசம் எனக்கு' என்று ஜெரோம் விளக்கினார். அந்த அம்மாள் கும்பிடும் கை ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். ஆட்டிசம் பற்றிப் பேசுவதற்கென்றே கூடிய ஆறாயிரம் பேருக்கும் ஆட்டிசம் என்பது எப்போதும் வேறு அறையில் தூங்கிக்கொண்டிருக்கும் ஒன்று. அது எழுந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்து வணக்கம் சொல்லும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். ஹெலனின் ஒரே மகள் கவியாவுக்குக் கூடுவாஞ்சேரியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. கவியாவின் அப்பா மோசஸ் இறந்து ஆறு வருடம் ஆகிறது. அதனால் பெண்ணைக் கையைப் பிடித்துச் சர்ச்சுக்குள் கூட்டிக்கொண்டு போகவேண்டியவர் தாய்மாமன் ஜெரோம். ஹெலனுக்கு இதில் பயம் இருந்தது. காரணமும் இருந்தது. கவியாவின் மஞ்சள் நீராட்டு விழாவில், சரவெடி வெடித்த நொடியில், கையிலிருந்த சீர்த்தட்டோடு ஓடிப்போனவர் ஜெரோம். இரண்டு மணி நேரம் கழித்து ரயில் நிலையத்தின் கடைசி பெஞ்சில் கண்டுபிடித்தார்கள். தட்டில் ஒரு வாழைப்பழம்கூடக் குறையவில்லை. ஆனால் சபையில் ஹெலனின் மானம் போனது போனதுதான்.

"இந்த வாட்டியும் ஓடிட்டீன்னா, அக்கான்னு ஒருத்தி கீறாங்கிறதையே மறந்துடு," என்று ஹெலன் சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள் அவள்.

ஜெரோமுக்கு உலகத்தில் இருப்பது அந்த அக்காவும் அந்தப் பெண்ணும்தான். ஆகவே குழுவில் எழுதினார். சரவெடி, சீர்த்தட்டு, ரயில் நிலையம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதி, கடைசியில் கேட்டார்: 'பேண்டு செட்டு, கூட்டம், மைக் எல்லாம் உள்ள ஒரு கல்யாணத்தில் நம்மைப் போன்றவர் ஓடாமல் நிற்பது எப்படி? யாராவது நின்றிருக்கிறீர்களா?'

பதில் இல்லை. மூன்று நாள் கழித்து மறுபடி போட்டார். இல்லை. மூன்றாம் முறை போட்டபோது அதற்கு மேலே சுப்புராமனின் 'இனிய காலை வணக்கம்' ரோஜாப்பூ நூற்றுப்பன்னிரண்டு இதயங்களோடு மலர்ந்திருந்தது. கீழே ஒருவர் தன் வீட்டு இட்லியைப் படம் எடுத்துப் போட்டிருந்தார். அதற்கு நாற்பது. இட்லிக்கு ஆட்டிசம் இருந்ததாகத் தகவல் இல்லை. பஸ் நிலையத்தில் பிச்சை கேட்கிறவரைக்கூட நம் ஆட்கள் 'இல்லப்பா' என்று ஒரு வார்த்தை சொல்லித்தானே அனுப்புகிறார்கள் என்று ஜெரோம் நினைத்தார்.

டீ குடிக்கும்போது பூபாலனிடம் புலம்பினார். பூபாலன் உலகம் தெரிந்தவர்.

"மச்சான், நீ எவன் வூட்டு விசேஷத்துக்காவது போயிருக்கியா? காது குத்து, வளைகாப்பு, சாவு, ஒண்ணுத்துக்கும் போவல. அப்பால உன் வூட்டுக்கு மட்டும் எவன் வருவான்? அங்கயும் அதே கததான். மொதல்ல நீ போயி எல்லாருக்கும் ஒரு ஹார்ட்டு போடு. தானா வருவாங்க."

"எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

இப்படி ஒரு யோசனையை வேறு யாரிடம் சொல்லியிருந்தாலும் நாலு பேருக்கு இதயம் போட்டுவிட்டு விட்டிருப்பார்கள். ஜெரோம் வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். சனி, ஞாயிறு இரண்டு நாள் விடுப்பு எடுத்தார். குழு தொடங்கிய நாளிலிருந்து, நாலு வருடத்தின் ஒவ்வொரு பதிவுக்கும் வரிசை தவறாமல் இதயம் போட்டுக்கொண்டு வந்தார். மொத்தம் ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்து மூன்று. சுப்புராமனின் மாமியார் இறந்த செய்திக்கு ஓர் இதயம். 'பையனுக்கு இன்று மூன்று முறை வலிப்பு வந்தது' என்பதற்கு ஓர் இதயம். இரண்டு பெண்கள் குடுமிப்பிடியாகச் சண்டை போட்டிருந்த பதிவில் இருவருக்கும் பாரபட்சம் இல்லாமல் ஆளுக்கொன்று. துக்கத்துக்கும் போகவேண்டும் என்று பூபாலனே சொல்லியிருந்தாரே.

ஞாயிறு மதியம் பதிவு போட்டிருந்த அத்தனை பேரின் கைபேசிகளும் 'ஜெரோம், ஜெரோம்' என்று அலறின. அன்புக் குடும்பம் விழித்துக்கொண்டது. 'யார் இந்த ஜெரோம்?' என்று ஒரு பதிவு. அதற்குக் கீழே தொண்ணூற்று நான்கு கருத்துகள். இவன் மனுஷனே இல்லை, கம்ப்யூட்டர் என்றார் ஒருவர். ஓடிபி கேட்பான், கொடுத்துவிடாதீர்கள் என்றார் இன்னொருவர். ஆட்டிசம் பற்றி மூன்று மாதப் பயிற்சி வகுப்பு நடத்தும் வரலட்சுமி மேடம் நிதானமாக எழுதினார்: 'ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வது, பிறர் உணர்ச்சிக்குத் தகுந்தபடி நடந்துகொள்ளத் தெரியாதது, சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வது. இதெல்லாம் என்னவென்று நமக்குத் தெரியாதா? இவன் கிரிமினல்.'

ஜெரோமுக்கோ ஒரே சந்தோஷம். தொண்ணூற்று நாலு பேர்! பூபாலன் சொன்னது பலித்துவிட்டது. ஒவ்வொருவருக்கும் பெயர் சொல்லி, நன்றி தெரிவித்து, 'நான் கம்ப்யூட்டர் இல்லை, டைம் கீப்பர்' என்று விளக்கி, கூடவே தன் கேள்வியையும் இணைத்து அனுப்பினார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியதுபோல் ஆனது.

திங்கட்கிழமை சுப்புராமன் வாக்கெடுப்பு அறிவித்தார். 'நம் குழந்தைகளுக்கான இந்தப் பாதுகாப்பான இடத்திலிருந்து ஜெரோம் என்பவரை நீக்கலாமா? மாலை ஆறு மணிக்கு முடிவு.' ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜெரோம் பார்த்தார். நீக்கலாம் ஐம்பத்தேழு. வேண்டாம் ஐம்பத்தேழு. அவர் குழுவின் விதிகளை எடுத்துப் படித்தார். அநேகமாக அதைப் படித்த முதல் உறுப்பினர் அவராகத்தான் இருக்கும். விதி ஏழு: 'உறுப்பினர்களுக்குத் தேவையற்ற தொந்தரவு தருபவர் நீக்கப்படுவார்.' அத்தனை பேருக்குத் தொந்தரவு தந்தது உண்மைதானே? குற்றம் சாட்டப்பட்டவர் ஓட்டுப் போடக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. ஜெரோம் நேர்மையாக 'நீக்கலாம்' என்பதை அழுத்தினார். ஐம்பத்தெட்டு.

ஐந்து ஐம்பத்தொன்பதுக்கு, வாக்கெடுப்புக்குக் கீழே ஒரு கருத்து வந்து விழுந்தது. எழில் என்ற பெயர். 'உங்க கல்யாணக் கேள்விக்கு எங்கிட்ட பதில் இருக்கு. நானும் உங்கள மாதிரிதான். கடப்பாக்கத்துல ஐஸ் ஷெட்டு வெச்சிருக்கேன். நான் என்ன பண்ணுவேன்னா'

அதற்கு மேல் படிப்பதற்குள் மணி ஆறு. வாழ்நாளில் எதையும் நேரத்துக்குச் செய்யாத சுப்புராமன் அன்றைக்குப் பார்த்துச் சரியான நேரத்தில் ஜெரோமை நீக்கினார். திரை வெள்ளையானது. ஜெரோம் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். இரண்டு வருடத்தில் வந்த ஒரே பதிலைத் தன் ஓட்டாலேயே உள்ளே வைத்துக் கதவைச் சாத்தியாகிவிட்டது.

ஆனால் கடப்பாக்கத்துக்கு வண்டி எப்போது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் வார விடுப்பு. திருக்கழுக்குன்றம் வழியாகக் கல்பாக்கம் போய், அங்கே புதுச்சேரி வண்டி பிடித்துக் கடப்பாக்கத்தில் இறங்கினார். படகுகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஐஸ் ஷெட் ஒன்றுதான் இருந்தது. பாளம் பாளமாக ஐஸ்கட்டியை மெஷின் கடகடவென்று அரைத்துக்கொண்டிருந்தது. முப்பது வயதுப் பெண் ஒருத்தி, இரண்டு காதிலும் பெரிய மூடி போட்டுக்கொண்டு நின்றாள். ஜெரோமைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினாள். அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். அவரும் அவளைப் பார்க்காமல் ஐஸைப் பார்த்தார். இருவருக்கும் வசதியாக இருந்தது.

"எழில்?"

"ஆமா. நீங்க ஜெரோமு. உங்கள தூக்கிட்டாங்க."

"நானும் ஓட்டுப் போட்டேன்."

"பார்த்தேன், பேரு காட்டுச்சு. ஏன் போட்டீங்க?"

"விதி ஏழு."

"கரெக்டு," என்றாள் எழில். கேட்டுவிட்டுச் சிரிக்காத முதல் ஆள்.

"முன்னாடியே ஏன் பதில் போடல?"

"பதினோரு நாளா எழுதிக்கினு இருந்தேன் அண்ணா. சரியாவே வரல. நானும் போன வருசம் அங்க ஒண்ணு கேட்டேன். ஒருத்தரும் இன்னான்னு கேக்கல. அப்பால எழுதவே கூச்சமாப் போச்சு." கைபேசியை எடுத்துக் காட்டினாள். "அவரு இன்னிக்குப் போட்டுக்கீறாரு பாருங்க."

சுப்புராமன் எழுதியிருந்தார்: 'ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் ஏன் நம்மோடு பேச முன்வருவதில்லை? சிந்திப்போம்.' முந்நூற்றுப்பன்னிரண்டு இதயங்கள்.

"நல்ல கேள்வி," என்றார் ஜெரோம், மனதாரவே. பிறகு மெஷினைக் காட்டி, "இவ்ளோ சத்தத்த எப்படித் தாங்குறீங்க?" என்று கேட்டார்.

"சுவிட்சு எங்கையில கீது. எப்ப வரும், எப்ப நிக்கும், எனக்குத் தெரியும். தெரிஞ்ச சத்தம் ஒண்ணும் பண்ணாது அண்ணா. தெரியாத சத்தந்தான் கொல்லும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள். "அன்னிக்கு ஓடினீங்களே, யாருகிட்டயாவது சொல்லிட்டுப் போனீங்களா?"

"இல்ல."

"அதான் பேஜாராப் போச்சு. போறதுல தப்பே இல்ல. இத்தினி மணிக்கு வருவேன், இத்தினி மணிக்குப் போவேன்னு முன்னாடியே எழுதிக் குடுத்துடுங்க. எங்கம்மா சாவுக்கே நான் அப்படித்தான் நின்னேன். வேற இன்னா கேக்கணும்?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரி." எழில் மெஷினைப் போட்டாள். சந்திப்பு மொத்தம் ஒன்பது நிமிடம். ஜெரோம் திரும்பி வரும் வழியெல்லாம் தானாகச் சிரித்துக்கொண்டே வந்தார்.

அன்று மாலையே ஒரு தாளில் கோடு போட்டு எழுதினார். காலை 9.25, சர்ச்சின் பக்கக் கதவு வழியாக வருகை, பேண்டு செட்டோடு வரவில்லை. 9.30, கவியாவோடு நடப்பது. 9.38, மாப்பிள்ளையிடம் ஒப்படைப்பு. 9.40, புறப்பாடு. மதியம் 12.20, முதல் பந்தியில் வருகை. 12.50, புறப்பாடு. கீழே கையெழுத்து, தேதி.

ஹெலன் படித்துப் பார்த்துவிட்டு, "இது கல்யாணமாடா, இல்ல கல்பாக்கம் பஸ்ஸா? சம்பந்தி வூட்டுக்காரங்க கேட்டா இன்னா சொல்லட்டும்?" என்று கத்தினாள். தாளைத் தூக்கி மேசையில் எறிந்தாள். ஜெரோம் அதை நேராக்கி வைத்துவிட்டுக் கிளம்பினார். சொல்லவேண்டியது எல்லாம் தாளில் இருந்தது.

கல்யாணத்தன்று 9.30-க்குக் கவியாவின் கையைப் பிடித்தார். அவள்தான் அவர் கையை இறுக்கிக்கொண்டாள். "மாமா, மெதுவா போ," என்றாள். மெதுவாகவே போனார். 9.38-க்கு மாப்பிள்ளை கையில் ஒப்படைத்துவிட்டு முன் வரிசையில் ஹெலனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பாட்டுக் குழு தயாராகி, டிரம்ஸ்காரர் குச்சியைக் கையில் எடுத்தார். 9.40. ஜெரோம் எழுந்திருக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் முந்நூறு பேர். இப்போது எழுந்தால் மறுபடி அக்காவின் மானம். டிரம்ஸ் தொடங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. 9.41. 9.42.

ஹெலன் பட்டுப்புடவை சரசரக்க அவர் பக்கம் சாய்ந்தாள். அவள் கைக்குட்டைக்குள் அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது.

"டேய், ரெண்டு நிமிசம் லேட்டு. கெளம்பு," என்றாள். சம்பந்தி அம்மாள் திரும்பிப் பார்க்க, "என் தம்பி பன்னெண்டு இருவதுக்குத் திரும்பி வருவான்," என்று அவளிடமும் சொன்னாள்.