வாலாட்டினால் பூச்சியம்

கண்டியில் ஒரு தனியார் மிருக வைத்தியசாலையில் நான் தாதியாக வேலை செய்தபோது, சத்திரசிகிச்சை முடிந்த நாய்களின் வலியை எண்ணில் எழுதுவது என் பொறுப்பு. தாளில் ஐந்து கேள்விகள். நாய் முனகுகிறதா? காயத்தைத் திரும்பிப் பார்க்கிறதா? எழுந்து நிற்கிறதா? காயத்தருகே தொட்டால் என்ன செய்கிறது? ஆளைக் கண்டால் எப்படி இருக்கிறது? ஒவ்வொன்றுக்கும் பூச்சியத்திலிருந்து மூன்று வரை. மணிக்கொருமுறை பார்க்க வேண்டும். கூட்டினால் ஆறுக்கு மேல் வந்தால் அடுத்த ஊசி, வராவிட்டால் இல்லை. எனக்கு அந்தத் தாளைப் பிடித்திருந்தது. யாருடைய நாய் என்று அது கேட்பதில்லை.

அது மருந்துத் தட்டுப்பாட்டுக் காலம். ஒரு நாள் காலை இரண்டு நாய்களுக்குச் சத்திரசிகிச்சை. ஒன்று, வாவிக்கரைப் பக்கத்து வீடொன்றின் லப்ரடோர், கர்ப்பப்பையை எடுத்தோம். மற்றது ஹுன்னஸ்கிரியவில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து நாய், தொழிலாளர் வரிசை வீடுகளில் வளர்ந்தது. பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் மாட்டி, முன்னங்கால் அழுகிப்போயிருந்தது. காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் அதை உரச்சாக்கில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் வந்திருந்தார். கத்தி வைக்குமுன் இரண்டுக்கும் வலி ஊசி போட்டோம். அதன் பிறகு குப்பியில் மிஞ்சியது ஒரு நாய்க்குத்தான் காணும்.

சொந்தக்காரர்கள் நாய்கள் கிடக்கும் வாட்டுக்குள் வரக்கூடாது என்பது அங்கே சட்டம். சொந்த ஆளைக் கண்டால் நாய் கொஞ்சும், எண் பிழையாகிவிடும். எனவே லயத்து நாயைக் கொண்டுவந்த அக்கா வெளியே வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

ஒரு மணிக்கும் இரண்டு மணிக்கும் பார்த்தேன். லப்ரடோர் ஊளையிட்டது, தொட விடவில்லை. லயத்து நாய் என் காலடி கேட்டதும் மூன்று காலில் எழுந்து நின்றது. சத்தமில்லை. காயத்தருகே அழுத்தினேன், என் கையை நக்கியது. வாலைத் தாழ்வாக, வேகமாக ஆட்டியது. முனகல் பூச்சியம், ஆளைக் கண்டால் பூச்சியம் என்று எழுதினேன்.

“எத்தினை, பிள்ளை?” என்று கேட்டார் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர்.

“லப்ரடோர் பத்து. மற்றது ரெண்டு, சேர்.”

“பாத்தீரே, தோட்டத்துச் சாமான். உரம். உங்கட ஆக்களைப் போலதான், வெட்டினாலும் சத்தம் வராது.”

நான் கண்டி நகரத்து மஹய்யாவில் பிறந்தவள். என் அம்மா லயத்தில் பிறந்தவர். அது டொக்டருக்குத் தெரியும். நான் சிரித்தேன். குப்பியில் இருந்த மிச்சம் லப்ரடோருக்குப் போனது.

மூன்று மணிக்குச் சற்று முன் வெளியே போனேன். அக்கா எழுந்து நின்றார்.

“மிஸ், வலி ஊசி போட்டாச்சுங்களா?”

“இப்ப தேவப்படல அக்கா. நல்லா இருக்கு. என்னையக் கண்டதும் எந்திரிச்சு வாலாட்டுது.”

“ஐயோ, ஆட்டுதா?” அவர் முகம் மாறிவிட்டது. “அது காச்சட்ட போட்டவங்களக் கண்டா ஆட்டுங்க, மிஸ். வாச்சர் வந்தாலும் ஆட்டும், கணக்கப்புள்ள வந்தாலும் ஆட்டும். அவங்களப் பாத்துக் கொலச்சதுக்கு வாங்குன அடி அப்புடி. நீங்க இல்லாதப்ப போய்ப் பாருங்களே.”

என் சீருடை நீலக் காற்சட்டை. செருப்பைக் கழற்றிவிட்டு, வாட்டுக் கதவு இடுக்கால் பார்த்தேன். நாய் கூண்டின் மூலையில் சுவரைப் பார்த்து நின்றது. படுக்கப் போகும், தையல் இழுக்கும், திரும்ப எழுந்துவிடும். தோள் முழுக்க நடுக்கம். வாயால் மூச்சு. கதவைத் தள்ளினேன். திரும்பியது, வாலை ஆட்டியது.

அம்மாவும் அப்படித்தான். ஆஸ்பத்திரியில் பித்தப்பைக் கல்லோடு கிடந்தபோது டொக்டர் வந்தால் எழும்பி உட்கார்ந்து, “ஒண்ணுமில்லீங்க சார், சொகம்” என்று சிரிப்பார். பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். அங்கே கண்டதை மறந்து, படித்த தாளை மட்டும் நம்பியிருந்தேன்.

கதவிடுக்கால் கண்டதை வைத்துத் திரும்ப எண்ணினேன். ஒன்பது. இரண்டு மணிக்கு எழுதிய இரண்டைக் குறுக்கே கீறிவிட்டு ஒன்பது என்று எழுதி டொக்டரிடம் கொண்டுபோனேன்.

“இப்ப வந்து சொன்னா? குப்பி வெறுமை. இரண்டு எண்டு எழுதினது நானோ?”

அவர் சொன்னதில் பிழையில்லை. நாய் சாப்பிட்டால் வலிக்கு விழுங்கும் குளிசை ஒன்று கொடுக்கச் சொன்னார். அது எதையும் தொடவில்லை.

சட்டத்தை மீறி அக்காவை உள்ளே கூப்பிட்டேன். கூண்டைத் திறந்துவிட்டேன். அவர் அதற்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, “என்னடா, சாமி” என்றார். அப்போதுதான் நாய் அழுதது. வாலை ஆட்டவில்லை. தலையை அவர் மடியில் வைத்து, வாயைத் திறந்து, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதது. லப்ரடோர் அடுத்த கூண்டில் நித்திரையாயிருந்தது.

டொக்டர் எட்டிப் பார்த்தார். “சொந்தக்காரரைக் கண்ட செல்லம். அதைத் தாளில எழுதாதையும். கீறின தாளும் வேண்டாம், வடிவாத் திருப்பி எழுதித் தாரும்.”

புதுத் தாள் எடுத்தேன். ஒரு மணி, இரண்டு. இரண்டு மணி, இரண்டு. மூன்று மணி, இரண்டு. என் கையெழுத்து எப்போதுமே நேராக இருக்கும்.

நாய் பிழைத்தது. அடுத்த மாதம் பயிற்சிக்கு வந்த மாணவர்களுக்கு டொக்டர் அந்தத் தாளைக் காட்டினார். குப்பியில் மிஞ்சிய மருந்தை எப்படிச் சரியாகப் பங்கிடுவது என்பதற்கு நல்ல உதாரணமாம். “இவதான் எழுதினவ” என்று என்னைக் காட்டினார்.

நான் எழுந்து நின்று சிரித்தேன்.