நத்தையின் சிவப்பு வண்டிக்கு ஒரு கவர்

நத்தை என்கிற பெயர் முதன்முதலில் காதில் விழுந்தது ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் வராந்தாவில். பிள்ளை பெற்றவள் என் நாத்தனாரின் மகள். அவள் புருஷனுக்கு நத்தை சொந்த அத்தை, அப்பாவோடு கூடப்பிறந்த ஒரே தங்கை. குழந்தையின் முதல் அழுகை அடங்கவில்லை, அதற்குள் யாரோ, "நத்தைக்குச் சொல்லியாச்சா? இப்பவே சொன்னாத்தான் புள்ள நடக்க ஆரம்பிக்கிறதுக்குள்ள வந்து சேருவா" என்றார்கள். வராந்தா முழுக்கச் சிரிப்பு.

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள். ஆயுசில் ஒரு வண்டியையும் முந்தியதில்லை. சைக்கிள் வந்தால்கூட ஒதுங்கி வழி விடுவாள். வேனில் போய்வந்த பிள்ளைகள் வைத்த பெயர் வீடுவரை வந்து, பெற்றவர்கள் வைத்த பெயரைத் துரத்தியே விட்டது. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். அண்ணன் வீட்டு மாடியில் ஓர் அறை, ஒரு குட்டிச் சமையலறை, அவ்வளவுதான் அவள் ராஜ்ஜியம்.

வேனை விட்டு ஓய்வு பெற்ற கையோடு அவள் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். பழைய வண்டிதான். ஆனால் மிளகாய்ப்பழச் சிவப்பு, இரண்டே இருக்கை, தரையோடு தரையாய்ப் பதுங்கிய உடம்பு, முதுகில் ஓர் இறக்கை. தெருவே வேடிக்கை பார்த்தது.

அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "ஏறணும்னா படுத்துக்கிட்டுத்தான் ஏறணும்போல. இறங்கறதுக்கு ஆள் வேணும்."

"உங்கள நான் தூக்கி விடறேன் அண்ணி."

"நீயா? நீ வந்து தூக்கறதுக்குள்ள எனக்கு அங்கேயே வேர் விட்டுடும்."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தார்ப்பாய், மழைக்கவர் வியாபாரி. கீழே இருந்த கார் ஷெட்டில் சரக்கு அடுக்கலாமென்று கணக்குப் போட்டு வைத்திருந்தவர். ஆனாலும் தங்கை ஆசையாய் வாங்கி வந்ததைத் தெருவில் நிறுத்தச் சொல்ல வாய் வரவில்லை. ஷெட்டைத் திறந்துவிட்டார். அத்தோடு, கடையிலேயே உசத்தியான, லாரிக்குப் போடுகிற தடித்த பிளாஸ்டிக் கவரையும் தோளில் சுமந்துகொண்டு வந்து கொடுத்தார்.

அந்த வீட்டைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. அங்கே கவர் போடாத பொருளே கிடையாது. டிவி ரிமோட்டுக்குக் கவர், மிக்சிக்குக் கவர். சோபாவின் மேல் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் அப்படியே இருக்கும். வெயில் காலத்தில் விருந்தாளி எழுந்தால் சோபாவும் கூடவே எழுந்து வழியனுப்பும். அந்தப் பிளாஸ்டிக் அழுக்காகாமலிருக்க அதன்மேல் ஒரு பெட்ஷீட் வேறு.

நத்தை கவரை வாங்கி வண்டிமேல் போட்டாள். மழைக்காலம் தொடங்கியது. ஷெட்டின் சிமென்ட் தரை மழையில் வியர்க்கும் தரை. ஒரு வாரம் கழித்து அவள் கவரின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள். உள்பக்கம் முழுக்க, வெந்நீரில் குளித்தபின் குளியலறைக் கண்ணாடியில் இருப்பதுபோல நீர்த்துளிகள். பானட்டின் ஓரத்தில் பெயின்ட் வெளிறி, பால் சிந்தினாற்போல ஒரு திட்டு.

அண்ணனைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஈரம் வெளிய போக வழியில்ல. உள்ளேயே நின்னு வேகுது."

"ஷெட்டு ஒழுகுதுன்னு சொல்லு. என் சரக்கச் சொல்லாத. அதுல ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது."

"இறங்காதுண்ணே. வெளியேறவும் மாட்டேங்குதே."

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. வியாபாரியிடம் அவன் சரக்கைக் குறை சொல்வது பெற்றவளிடம் பிள்ளையைக் குறை சொல்வதுபோல. "சரி, ஒனக்குப் பிடிச்ச கவர நீயே தேடிக்க. மழை முடிஞ்சதும் எல்லார் முன்னாலயும் தெறந்து பாப்போம். ஒரு கறை, ஒரு கீறல் இருந்துச்சு, ஷெட்டு எனக்கு. வண்டிய வித்துடணும்."

"ஒண்ணும் இல்லேன்னா?"

"ஷெட்டு ஒனக்கு. நான் வாயத் தெறக்கமாட்டேன்."

"அதுக்காகவே ஜெயிக்கணும்டி நீ" என்றாள் அண்ணி, உள்ளேயிருந்து.

நத்தை முதலில் தன் பழைய பெட்ஷீட்டைப் போட்டுப் பார்த்தாள். சல்லடைபோலத் தூசியை உள்ளே விட்டது; காலையில் பார்த்தால் தரையில் கிடந்தது. பிறகு பஸ் ஏறி, கார் சாமான்கள் விற்கும் பெரிய கடைக்குப் போனாள். கடைக்காரப் பெண் எல்லா வண்டிக்கும் பொருந்துகிற கவர் ஒன்றை எடுத்து விரித்தாள்.

"எந்த வண்டிக்கும் போடலாம்மா."

"எல்லாருக்கும்னு தச்ச சட்டை ஒருத்தனுக்கும் நிக்காதும்மா. தொளதொளன்னு ஆடும், ஆடினா உரசும், உரசினா கீறும். வேற காட்டு."

அடுத்து வந்தது தடித்த, பஞ்சுபோன்ற ஒன்று. தடவிப் பார்க்க அத்தனை சுகம். நத்தைக்கு மனசு அதிலேயே ஒட்டிக்கொண்டது. ஆனால் கழுத்தில் மாட்டியிருந்த பாட்டிலின் தண்ணீரிலிருந்து நாலு சொட்டு அதன் ஓரத்தில் விட்டுப் பார்த்தாள். துணி அப்படியே குடித்துவிட்டு, குளிர்ந்து, கனத்துக் கிடந்தது. வியர்க்கிற தரைக்கு இது ஆகாது.

மூன்றாவது, மெல்லிய சாம்பல் நிறத் துணி. இழுத்தால் நீண்டு, விட்டால் சுருங்கியது. நத்தை அதை எடுத்துத் தன் முகத்தை இறுக்க மூடிக்கொண்டு, கடை நடுவில் அசையாமல் நின்றாள்.

கடைக்காரப் பெண் பதறிவிட்டாள். "அம்மா! அம்மா, என்ன பண்றீங்க? மயக்கமா வருது?"

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "மூச்சு விட்டுப் பாக்கறேன். எனக்கு முட்டினா அதுக்கும் முட்டும்."

முட்டவில்லை. வெளியே வந்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துணியின் உள்பக்கத்தால் அழுத்தித் தேய்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கோடு விழவில்லை.

"கீறல் விழுந்திருந்தா புதுக் கண்ணாடிக்கு எங்ககிட்ட வந்திருப்பீங்களாம்மா?" என்றாள் அந்தப் பெண்.

"ஒன்கிட்ட வந்து என்ன பண்ண? தடவித் தடவி வீட்டுக்குப் போயிருப்பேன்."

அந்தத் துணியிலேயே வண்டியின் அளவுக்குத் தைத்துத் தரச் சொன்னாள். பக்கக் கண்ணாடிகளுக்கு இரண்டு காது, முதுகு இறக்கைக்கு ஒரு பை. வந்த கவரை மாட்டியபோது வண்டி சாம்பல் நிறப் பூனை படுத்திருப்பதுபோல இருந்தது.

ஆனால் கவர் மட்டும் போதாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. முதல் வாரம் அவளும் அவசரப்பட்டு, ஓட்டி வந்த சூட்டோடு, ஈரத்தோடு மூடியிருந்தாள். இப்போது மழை விட்ட நாளில் மட்டும் வண்டியை எடுத்தாள். திரும்பியதும் தூசி போகக் கழுவி, இண்டு இடுக்கெல்லாம் துடைத்து, ஸ்டூலைப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள்.

"என்னடி, தூங்க வைக்கிறியா?" என்பாள் அண்ணி.

"உடம்புச் சூடு அடங்கட்டும் அண்ணி. அப்பறம் போத்தலாம்."

வேறு யாராயிருந்தாலும் இரண்டாம் நாளே அலுத்திருக்கும். நத்தைக்கு அதுதான் பிழைப்பே. எத்தனை வருஷம் பள்ளிக்கூட வாசலில் வேனை நிறுத்திக்கொண்டு மணியடிக்கக் காத்திருந்தவள். பானட்டில் இருந்த பால்திட்டையும் பாலிஷ் போட்டுப் போட்டு, வட்டம் வட்டமாய்த் தேய்த்து, ஒருவழியாய்க் கரைத்துவிட்டாள்.

மழை உச்சத்தில் இருந்தபோது அண்ணன் மகன் வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சலென்று போய்ச் சில நாள் இருந்துவிட்டு வந்தாள். வந்து ஷெட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாம்பல் கவரைக் காணோம். வண்டிமேல் லாரி பிளாஸ்டிக், கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது.

ஓடிப்போய் முடிச்சை அவிழ்த்தாள். அடியில் அவளுடைய சாம்பல் கவர் இருந்தது. தொட்டால் ஜில்லென்று ஈரம்.

அண்ணன் ஷெட் வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, ஜெயிக்கணும்னா இப்படியா?"

"ஜெயிக்கவா?" அவர் குரல் உடைந்தது. "பேய் மழைடி. ஓட்டு இடுக்குல சாரல் அடிச்சுது. புதுக் கவராச்சே, அழுக்காயிடப் போகுதேன்னு..."

"கவருக்குக் கவர் போட்டீங்களா?"

அவர் தலையைச் சொறிந்தார். அந்த மனுஷனுக்குக் காப்பாற்றத் தெரிந்த ஒரே வழி அதுதான். நத்தைக்குக் கோபம் வந்த வேகத்திலேயே வடிந்துவிட்டது. "சரி, டேபிள் ஃபேனக் கொண்டாங்க" என்றாள்.

அன்று பகல் முழுக்க அண்ணன் ஃபேனைப் பிடித்துக்கொண்டு நிற்க, தங்கை துடைத்தாள். கதவு இடுக்கு, விளக்கு ஓரம், இறக்கையின் அடி என்று அவர் காட்டக் காட்ட அவள் ஒற்றி எடுத்தாள். கவர் கொடியில் காய்ந்தது. நல்லவேளை, மெல்லிய துணி, சாயங்காலத்துக்குள் உலர்ந்துவிட்டது. ஈரம் பெயின்டுக்குள் இறங்கியதா இல்லையா என்று மட்டும் இருவருக்கும் தெரியவில்லை. பந்தயத்தை வாபஸ் வாங்குகிறேன் என்று அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வாக்கு என்றால் அந்த வீட்டில் வாக்குதான்.

மழை முடிந்து வெயில் நன்றாக அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன், மருமகள், சம்பந்தி வீடு, பக்கத்து வீடு என்று கூடிவிட்டார்கள். நத்தை வண்டியைக் கவரோடு தள்ளச் சொல்லி வாசல் வெயிலுக்குக் கொண்டுவந்தாள். முன்பக்கத்திலிருந்து மெதுவாய், மடித்து மடித்துக் கவரை உருவினாள்.

"அய்யோ, சீக்கிரம் தெறடி, எனக்குப் பொறுமையில்ல!" அண்ணி கத்தினாள்.

சிவப்பு பளீரென்று எல்லார் முகத்திலும் அடித்தது. அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பானட், கதவு, கூரை என்று விரல் படாமல் கண்ணால் தடவிக்கொண்டே போனார். முதுகு இறக்கைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். "இங்க என்னவோ கறுப்பாத் தெரியுதே."

அண்ணி எட்டிப் பார்த்தாள்.

"அது உங்க மீசைங்க. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போயிடும்."

அவர் தள்ளி நின்றார். போய்விட்டது. கூட்டம் ஓவென்று சிரித்தது. அண்ணன் நிமிர்ந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "ஒரு புள்ளி இல்ல. ஷெட்டு என் தங்கச்சிக்கு." சொல்லும்போது பந்தயத்தில் ஜெயித்தவர்போல அவர்தான் நெஞ்சை நிமிர்த்தியிருந்தார்.

அண்ணி அதற்குள் படுத்து, புரண்டு, எப்படியோ வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருமுனைவரை நத்தை தன் வழக்கமான வேகத்தில்தான் போனாள். ஒரு சைக்கிள் மணியடித்து முந்திக்கொண்டு போனது. பெரிய சாலை வந்ததும், முன்னால் போன லாரியைப் பார்த்தாள். ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு காலை அழுத்தினாள். அண்ணி போட்ட கூச்சலில் லாரிக்காரர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தாராம். முந்திவிட்டாள். ஆயுசில் முதல் தடவை. அடுத்ததாய் ஒரு பஸ்ஸையும் முந்தினாள்.

இப்போதும் நத்தை அண்ணன் வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். வண்டி கீழே ஷெட்டில் இருக்கிறது. மழையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன், அண்ணி இருவரையும் ஒருவர் மாற்றி ஒருவராகக் கூட்டிக்கொண்டு பெரிய சாலைக்குப் போய்வருகிறாள்.